வடகடல், தென்கடல்: மிதவையுயிர்களை ஒப்பிடும் முறை

இராமநாதபுரம் மாவட்டத்தின் கிழக்கே நிலம் மெலிந்து, ஒரு விரல்போலக் கடலுக்குள் நீண்டு, மண்டபம் என்னும் ஊரோடு முடிகிறது. அதன் வடக்கே இருப்பது பாக் விரிகுடா. தெற்கே இருப்பது மன்னார் வளைகுடா. ஒரு கரையிலிருந்து மறு கரைக்குச் சிறிது நேரத்தில் நடந்தே சென்றுவிடலாம். ஆயினும் இவ்விரு நீர்ப்பரப்புகளும் ஒரே இயல்புடையன அல்ல. கச்சான் வீசும் மாதங்களில் தெற்கே அலை சீறிக்கொண்டிருக்கும்போது வடக்கே நீர் குளம்போல அடங்கிக் கிடக்கும். வாடை தொடங்கியதும் நிலைமை தலைகீழாகும். வடக்கில் இருப்பதைப் பெண்கடல் என்றும் தெற்கில் இருப்பதை ஆண்கடல் என்றும் அப்பகுதி மக்கள் வழங்கி வந்திருப்பது, அவ்வேறுபாட்டை அவர்கள் எவ்வளவு கூர்ந்து கண்டிருந்தனர் என்பதைக் காட்டும்.

இவ்விரு கடல்களுள் எதில் மிதவையுயிர்கள் மிகுதி? கேட்பதற்கு எளிய வினா இது. ஓர் உயிரியல் மாணவர் இரண்டு கரைகளிலும் ஒவ்வொரு வாளி நீரை அள்ளி, நுண்ணோக்கியில் எண்ணி, மாலைக்குள் விடை கூறிவிடக்கூடும். அவ்விடை பெரும்பாலும் பொருளற்றதாகவே இருக்கும். அது ஏன் என்பதையும், பொருளுள்ள விடையைப் பெற எவையெல்லாம் தேவை என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். முத்துக்குளித்தலிலும் சங்கு வாணிகத்திலும் மரக்கல ஓட்டத்திலும் தலைமுறைகளாக ஈடுபட்டுவந்த கீழக்கரை, காயல்பட்டினம், வேதாளை போன்ற ஊர்களைச் சேர்ந்தோர்க்கு இது வெறும் ஆய்வுக்கூடச் செய்தி அன்று.

'பிளாங்க்டன்' என்னும் சொல்லை 1887இல் வழக்கிற்குக் கொண்டுவந்தவர் ஜெர்மானிய அறிஞர் விக்டர் ஹென்சன். அலைந்து திரிவது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து அவர் அதை உருவாக்கினார். நீரோட்டத்தை எதிர்த்து நீந்த வலிமையற்று, அது கொண்டு செல்லும் இடத்திற்கெல்லாம் செல்லும் உயிர்கள் அனைத்தும் இதில் அடங்கும். கதிரவன் ஒளியால் தமக்கான உணவைத் தாமே ஆக்கிக்கொள்ளும் நுண்பாசிகள் தாவர மிதவையுயிர்கள். அவற்றை உண்ணும் துடுப்புக்காலிகள் முதலிய சிற்றுயிர்களும், மீன், இறால், நண்டு, சிப்பி ஆகியவற்றின் குஞ்சுகளும் விலங்கு மிதவையுயிர்கள். உலகில் ஒளிச்சேர்க்கையால் ஓராண்டில் உருவாகும் உயிர்ப்பொருளில் ஏறத்தாழப் பாதி, கண்ணுக்குப் புலப்படாத இக்கடற்பாசிகளின் உழைப்பால் விளைவது. நிலத்திலுள்ள காடுகளும் வயல்களும் புல்வெளிகளும் சேர்ந்து மறுபாதியை அளிக்கின்றன. கடலுணவு எதுவாயினும் அதன் முதற்கணக்கு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

நீரின் நிறத்தையும் அதில் மிதப்பவற்றையும் கண்டு இடத்தை உணர்வது கடலோடிகளுக்குப் புதிதன்று. 15ஆம் நூற்றாண்டின் அரபு மாலுமி அஹ்மத் இப்னு மாஜித் தம் கடற்பயண நூலில், கரை நெருங்குவதை உணர்த்தும் அடையாளங்களுக்குத் தனி இடம் அளித்துள்ளார். நீரின் நிறமாற்றம், மிதக்கும் பாசி, பறவைகள், கடற்பாம்புகள் ஆகியன அவ்வடையாளங்களுள் அடங்கும். இந்த அறிவு ஓர் இடத்தை மற்றோர் இடத்திலிருந்து பிரித்தறியப் போதுமானது. இரண்டையும் அளந்து ஒப்பிட வேண்டுமாயின் வேறொரு ஒழுங்கு தேவைப்படுகிறது.

அவ்வொழுங்கைத் தேடிய முதல் முயற்சியே பெரும் பூசலில் முடிந்தது. 1889இல் ஹென்சன் 'நேஷனல்' என்னும் கப்பலில் அட்லாண்டிக் பெருங்கடலைச் சுற்றிவந்து வலைவீசி எண்ணினார். கடலில் மிதவையுயிர்கள் ஏறக்குறையச் சீராகப் பரவியுள்ளன என்பது அவர் நம்பிக்கை. அது உண்மையாயின், சில இடங்களில் எண்ணிய எண்ணிக்கையைப் பெருக்கி முழுக்கடலின் விளைச்சலையும் கணித்துவிடலாம். மறு ஆண்டே எர்ன்ஸ்ட் ஹெக்கல் அதைக் கடுமையாக மறுத்து எழுதினார். கடலில் மிதவையுயிர்கள் திட்டுத்திட்டாக, கூட்டங்கூட்டமாக வாழ்கின்றன. ஆதலின் அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்த எண்ணிக்கை எதையும் நிறுவாது என்றார். திட்டுகளைப் பற்றி ஹெக்கல் கூறியது சரி. ஆனால் எண்ணுவதே வீண் என்னும் அளவுக்கு அவர் சென்றது மிகை. எண்ணும் அறிவியலாகக் கடலுயிரியலை மாற்றியவர் ஹென்சன்தான். இன்றைய ஒப்பீட்டு முறைகள் அனைத்தும் இவ்விருவரின் வழக்கிற்கிடையே தோன்றிய சமரசம் என்றே கூறலாம். திட்டுகள் உண்டு என்பதை ஏற்றுக்கொண்டு, ஓரிடத்தில் ஒருமுறை எடுப்பதற்கு மாறாகப் பல இடங்களில் பலமுறை எடுத்து, அவற்றுக்கிடையேயான ஏற்றத்தாழ்வையும் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும். ஓர் இடத்தின் உள்ளேயே காணும் வேறுபாட்டைவிட இரண்டு இடங்களுக்கு இடையேயான வேறுபாடு பெரிதாயிருந்தால் மட்டுமே ஒன்றை மற்றொன்றினும் வளமானது என்று சொல்ல உரிமை உண்டு.

இனி வலையைப் பற்றிச் சிறிது விரிவாகப் பார்ப்போம். பிழைகளில் பெரும்பாலானவை இங்குதான் பிறக்கின்றன.

வாய் விட்டம் 50 செ.மீ. உள்ள கூம்பு வலையொன்றைப் படகின் பின்னே கட்டி, நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் 10 நிமிடம் இழுப்பதாகக் கொள்வோம். வலைவாயின் பரப்பு ஏறத்தாழ 0.196 சதுர மீட்டர். இழுத்த தொலைவு 600 மீட்டர். இரண்டையும் பெருக்கினால் வலைவழிச் சென்ற நீர் ஏறத்தாழ 118 கன மீட்டர். அதில் 1,18,000 துடுப்புக்காலிகள் அகப்பட்டிருந்தால், கன மீட்டருக்கு 1,000 என்று எழுதிவிடுகிறோம். ஆனால் பாசி செறிந்த நீரில் வலைக்கண்கள் விரைவில் அடைபடும். அடைபட்ட வலை நீரை வடிகட்டாமல் முன்னே தள்ளிக்கொண்டு போகும். உண்மையில் அறுபது விழுக்காடு நீரே வலைவழிச் சென்றிருந்தால், மெய்யான செறிவு கன மீட்டருக்கு 1,670ஐ நெருங்குகிறது. கவனிக்க வேண்டியது இப்பிழையின் திசை. தெளிந்த நீரில் வலை அடைபடுவதில்லை. ஆதலின் அங்கே கணக்கு ஏறக்குறையச் சரியாகவே வரும். வளமான நீரில்தான் அடைபடுகிறது. அங்கே கணக்கு குறைந்து வரும். வளமுள்ள இடத்தை வளம் குன்றியதாகவும், இரண்டு இடங்களையும் ஒன்றுபோலவும் காட்டும் பிழை இது. வலைவாயில் நீரோட்டமானி ஒன்றைப் பொருத்தினால் இது பெருமளவு நீங்கும். அக்கருவி பொருத்தப்பட்டதா என்பதைக் கூறாத அறிக்கையின் எண்களை ஐயத்துடனேயே அணுக வேண்டும்.

வலைக்கண்ணின் அளவு அடுத்த சிக்கல். 0.33 மி.மீ. கண்ணுள்ள வலை பெரிய துடுப்புக்காலிகளைப் பிடிக்கும். அவற்றின் குஞ்சுகளையும் சிறிய இனங்களையும் விட்டுவிடும். 0.02 மி.மீ. கண்ணுள்ள வலை பாசிகளைப் பிடிக்கும். ஆனால் அதனினும் நுண்ணியவை தப்பும். 1980களின் பிற்பகுதியில் அமெரிக்க அறிஞர் சாலி சிஷோமும் அவர்தம் உடனாய்வாளர்களும் கண்டறிந்த புரோகுளோரோகாக்கஸ் என்னும் நுண்ணுயிர் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சிறியது. வெப்பக் கடல்களில் மிகுந்த எண்ணிக்கையில் வாழும் ஒளிச்சேர்க்கை உயிர் அதுவே. அதற்கு முந்தைய ஒரு நூற்றாண்டுக் காலம் வீசப்பட்ட வலைகள் எதிலும் அது அகப்படவில்லை. எனவே வலைக்கண் அளவு வேறுபட்ட இரண்டு ஆய்வுகளின் எண்களை அருகருகே வைத்து ஒப்பிடுவது, ஒருவர் நாழியாலும் மற்றவர் முழத்தாலும் அளந்தவற்றை ஒப்பிடுவதைப் போன்றதாகும்.

இச்சிக்கலை உணர்ந்தே 1960 முதல் 1965 வரை நடைபெற்ற பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்தில், பல நாட்டுக் கப்பல்களும் ஒரே வகை வலையைப் பயன்படுத்தின. வாய்ப் பரப்பு ஒரு சதுர மீட்டர், கண் 0.33 மி.மீ., 200 மீட்டர் ஆழத்திலிருந்து நீர்மட்டம் வரை செங்குத்தாக இழுத்தல் என்பன அதன் விதிகள். சேகரிக்கப்பட்டவை கொச்சியில் நிறுவப்பட்ட இந்தியப் பெருங்கடல் உயிரியல் மையத்திற்கு அனுப்பப்பட்டு அங்கே வகைப்படுத்தப்பட்டன. அரபிக்கடலையும் வங்காள விரிகுடாவையும் ஒரே அளவுகோலால் அளந்து பார்த்த பெருமுயற்சி அது. ஆயினும் ஆழ்கடலுக்கு வகுத்த விதியைக் கரைக்கடலில் அப்படியே கைக்கொள்ள இயலாது. பாக் விரிகுடாவின் ஆழம் பெரும்பாலும் 15 மீட்டருக்கு உட்பட்டது. அங்கே 200 மீட்டருக்கு எங்கே போவது?

ஆழ வேறுபாடு மற்றொரு மயக்கத்தையும் உண்டாக்குகிறது. 10 மீட்டர் ஆழமுள்ள ஓரிடத்தில் கன மீட்டருக்கு 1,000 உயிர்களும், 50 மீட்டர் ஆழமுள்ள மற்றோரிடத்தில் கன மீட்டருக்கு 400 உயிர்களும் இருப்பதாகக் கொள்வோம். கன மீட்டர்க் கணக்கில் முதலாவதே வளமானது. கடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்குக் கீழே உள்ளவற்றை எல்லாம் கூட்டினால், முதலாவதில் 10,000, இரண்டாவதில் 20,000. வாய் திறந்து நீந்தும் மத்தி மீனுக்கு முதற்கணக்கு முக்கியம். அக்கடல்பரப்பு எத்தனை மீன்களைத் தாங்கும் என்று கேட்பவர்க்கு இரண்டாவது முக்கியம். இரண்டும் சரியான விடைகளே, வினாக்கள்தாம் வேறு.

பகலும் இரவும்கூட ஒன்றல்ல. துடுப்புக்காலிகள் பல பகலில் ஆழத்திற்கு இறங்கி இரவில் மேலெழும். வடகடலில் காலையிலும் தென்கடலில் அந்தி சாய்ந்த பின்னும் வலைவீசிவிட்டுத் தென்கடலே வளமானது என்று முடிவு கட்டினால், அவர் அளந்தது கடலை அன்று, கடிகாரத்தை. நுண்ணோக்கியின் கீழ் எண்ணும்போது நேரும் தற்செயல் பிழையும் உண்டு. நன்கு கலக்கிய மாதிரியில் 100 உயிர்களை எண்ணினால் பிழை எல்லை ஏறத்தாழ இருபது விழுக்காடு. 25ஐ மட்டும் எண்ணினால் நாற்பது விழுக்காடு. ஓரிடத்தில் 25, மற்றோரிடத்தில் 33 என்று எண்ணிவிட்டு இரண்டாமிடம் மூன்றிலொரு பங்கு வளமானது என்று எழுதுவோர் இன்றும் உள்ளனர். எண்ணியவரின் பொறுமையின்மையைத் தவிர அந்த எண்கள் வேறெதையும் உணர்த்துவதில்லை.

இத்தனை நிபந்தனைகளையும் நிறைவேற்றிய பின்னும் எஞ்சி நிற்பது பருவம். 'மான்சூன்' என்னும் சொல் அரபியின் 'மவ்சிம்' என்பதிலிருந்து பிறந்தது என்பதை வாசகர் அறிவர். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947இல் தொடங்கப்பட்டபின், மண்டபத்தில் பணியாற்றிய ஆர். ரகு பிரசாத், ஆர். ஜெயராமன் போன்றோர் 1950களில் இக்கரையோர நீரின் மிதவையுயிர்களையும் உப்புத்தன்மையையும் ஆண்டு முழுதும் தொடர்ந்து ஆராய்ந்தனர். அவ்வகை ஆய்வுகளிலிருந்து துலங்கும் உண்மை இது: வடகிழக்குப் பருவத்தில் வங்காள விரிகுடாவின் உப்புக் குறைந்த நீர் பாக் விரிகுடாவுக்குள் இறங்கி, பாம்பன் கால்வாய் வழியாகவும் ஆதம் பாலத்தின் மணல்திட்டுகளுக்கு இடையிலும் தெற்கே வழிகிறது. தென்மேற்குப் பருவத்தில் மன்னார் வளைகுடாவின் உப்பு மிகுந்த நீர் வடக்கே நகர்கிறது. நீரோடு அதில் வாழ்வனவும் நகர்கின்றன. அப்படியாயின் நவம்பர் மாதத்தில் தென்கடலில் பிடிபட்ட ஓர் உயிர் தென்கடலுக்கு உரியதா, வடகடலுக்கு உரியதா? வயலில் விளைந்த நெல் அவ்வயலுடையது. கடலில் ஓரிடத்தில் எண்ணப்பட்டது, அக்கணத்தில் அவ்விடத்தைக் கடந்து சென்ற நீருடையது.

இந்த வேறுபாட்டின் கனத்தை உணர முத்துச்சிப்பியைவிடச் சிறந்த சான்று இல்லை. பாரில் ஒட்டி வாழும் சிப்பி, முட்டையிலிருந்து வெளிவந்த பின் ஏறத்தாழ மூன்று வாரங்கள் மிதவையுயிராகவே அலைகிறது. நொடிக்கு 10 செ.மீ. என்னும் மெல்லிய நீவாடு ஒரே திசையில் இருபது நாள் ஓடினால் 170 கிலோமீட்டருக்கு மேல் கொண்டு சேர்த்துவிடும். நீவாடு அப்படி ஒரே திசையில் ஓடுவதில்லை என்பது உண்மையே. எனினும் ஒரு பாரின் செழுமை வேறொரு பாரின் சினைப்பருவத்தையும், இடையில் ஓடிய நீரின் போக்கையும், அந்நீரில் குஞ்சுக்கு ஏற்ற நுண்பாசி இருந்ததா என்பதையும் பொறுத்தது என்பது இதனால் விளங்கும். 1344இல் இலங்கை வந்த இப்னு பதூதா, புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியின் முன்னிலையில் முத்துக்கள் தரம்பிரிக்கப்படுவதைக் கண்டு எழுதியுள்ளார். அத்தகைய செல்வம் பல ஆண்டுகள் தொடர்ந்து கிடைப்பதும், பின்னர் பல ஆண்டுகள் முற்றிலும் மறைவதும் அக்காலத்திலிருந்தே புதிராக இருந்தது. அப்புதிரை விடுவிக்கவே 1902இல் இலங்கை அரசு பிரித்தானியப் பேராசிரியர் ஹெர்ட்மேனை வரவழைத்தது. அவருடன் வந்த ஜேம்ஸ் ஹார்னெல் பின்னர்ச் சென்னை மாகாண மீன்துறையின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். 1905இல் மன்னார்ப் பார்களில் பெரும் விளைச்சல் கண்ட உற்சாகத்தில், மறு ஆண்டு ஒரு தனியார் நிறுவனம் அப்பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. சில ஆண்டுகளிலேயே பார்கள் வெறுமையாகி, அந்நிறுவனம் கலைந்தது. ஒரு நல்ல ஆண்டின் எண்ணிக்கையை இடத்தின் நிலையான இயல்பாகக் கொண்டதன் விலை அது. தூத்துக்குடிப் பக்கத்தில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடைபெற்றது. கீழக்கரை, காயல் குளியாளிகளின் மூச்சடக்கும் திறன் அதன்பின் சங்கு எடுப்பதற்கு மட்டுமே பயன்பட்டது.

மேற்குக் கரையோடு ஒப்பிடும்போது வேறொரு படிப்பினை கிட்டுகிறது. தென்மேற்குப் பருவத்தில் மலபார்க் கரையில் ஆழத்து நீர் மேலெழுகிறது. குளிர்ந்த அந்நீர் உரச்சத்துக்களை மேலே கொணர, ஒளி கண்ட டயாட்டம் பாசிகள் பெருகி வளர்கின்றன. வங்காள விரிகுடாவிலோ கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி முதலிய பேராறுகளின் நன்னீர் மேலே ஒரு மூடிபோலப் படர்ந்து, ஆழத்து உரம் மேலெழுவதைத் தடுக்கிறது. கோழிக்கோட்டில் பல்லாண்டு ஆராய்ந்த ஆர். சுப்பிரமணியன் இப்பருவப் பெருக்கத்தை விரிவாகப் பதிவு செய்தார். 1955இல் அவரும் ஆர்.வி. நாயரும், ஃபிரஜிலேரியா ஓசியானிக்கா என்னும் ஒரு டயாட்டத்தின் மிகுதி, நெய்மத்தியின் வருகைக்கு அடையாளம் என்று எழுதினர். அவர்கள் சுட்டியது பாசிகளின் மொத்த எண்ணிக்கையை அன்று, ஒரே ஓர் இனத்தை என்பது கருதத்தக்கது. எத்தனை என்பதைவிட எது என்பதே மீனுக்கு முக்கியம். கேரளத்தில் 2012இல் ஏறத்தாழ 3.9 லட்சம் டன் பிடிபட்ட நெய்மத்தி, 2021இல் 3,297 டன்னாகச் சுருங்கியபோது, கடல் உணவற்றுப்போகவில்லை. மத்திக்கு உரிய உணவு உரிய காலத்தில் இருந்ததா என்னும் வினாவுக்குப் பாசிகளின் மொத்தக் கணக்கு விடையளிக்காது.

மிகுதி என்பது எப்போதும் வளம் ஆகாது என்பதற்கும் அதே சுப்பிரமணியனின் ஆய்விலேயே சான்று உண்டு. மலபார்க் கரையில் மீன்கள் செத்து ஒதுங்கியதற்குக் காரணமான ஒரு நுண்ணுயிரை 1954இல் அவர் கண்டறிந்து, ஹார்னெல்லின் நினைவாக ஹார்னெல்லியா மரைனா என்று பெயரிட்டார். கடல் அன்று எண்ணிக்கையில் செழித்திருந்தது. கரையிலோ மீன்கள் செத்துக் கிடந்தன.

தென்கடலும் இதைக் கண்டது. 2008 அக்டோபரிலும், மீண்டும் 2019 செப்டம்பரிலும் மண்டபம், பாம்பனை ஒட்டிய மன்னார் வளைகுடா நீர் பச்சைச் சாயம் கரைத்தாற்போல மாறியது. மீனவர் பூங்கோரை என்று கூறும் இதனை விளைவித்தது நாக்டிலூக்கா சிண்டில்லன்ஸ் என்னும் ஒற்றைச்செல் உயிர். 2019 ஆகஸ்ட் 18 இரவில் சென்னைக் கடற்கரைகளில் அலைகள் நீல ஒளி வீசியதும் இதனால்தான். சென்னையில் மக்கள் கூட்டங்கூட்டமாகச் சென்று அதனைக் கண்டு வியந்தனர். சில வாரங்களில் மன்னார் வளைகுடாவில் பவளப்பாறை மீன்கள் மூச்சுத்திணறி மாண்டன, பவளங்களும் பாதிக்கப்பட்டன. நாக்டிலூக்கா நஞ்சு கக்குவதாக அறியப்படவில்லை. அது தன் உடலில் அமோனியாவைச் சேர்த்து வைக்கிறது. கூட்டமாக மடிந்து அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சித் தீர்த்துவிடுகிறது. அப்போது எடுத்த ஒரு மாதிரியை மட்டும் கண்டவர், மிதவையுயிர் அடர்த்தியில் தென்கடல் ஈடற்றது என்று எழுதியிருப்பார். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நாக்டிலூக்கா பிற பாசிகளை உண்ணும் விலங்கியல்பு கொண்டது. ஆனால் நம் கடல்களில் காணும் பச்சை வகை தன் உடலுக்குள் ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்பாசிகளைக் குடிவைத்திருக்கிறது. ஆகவே ஓர் அறிக்கை அதனைத் தாவரக் கணக்கிலும் மற்றோர் அறிக்கை விலங்குக் கணக்கிலும் சேர்க்கக்கூடும். ஒரே கடல், ஒரே நாள், இருவேறு முடிவுகள்!

வலையின் குறைகளைச் செயற்கைக்கோள் போக்கிவிடும் என்று எண்ணுவோர் உளர். 1978இல் அமெரிக்காவின் நிம்பஸ்-7 தொடங்கி, 1999இல் இந்தியா செலுத்திய ஓசன்சாட் வரிசைவரை, கடலின் நிறத்தைக் கொண்டு பச்சையத்தை அளக்கும் கருவிகள் பெரும்பயன் அளித்துள்ளன. ஐதராபாதிலுள்ள கடல் தகவல் சேவை மையம் மீன் கிடைக்கும் இடங்களை மீனவர்க்கு அறிவிப்பதும் இவற்றின் துணையாலேயே. ஆழ்கடலில் இவை நம்பத்தக்கன. பாக் விரிகுடா போன்ற ஆழமற்ற, சேறு கலங்கிய நீரில் அடித்தரையின் ஒளியும் மிதக்கும் மண்துகள்களும் பச்சையத்தைப்போலத் தோற்றமளித்துக் கருவியை ஏமாற்றும். ஆக, செயற்கைக்கோள் படத்தில் வடகடல் தென்கடலினும் பசுமையாகத் தோன்றுவதை அப்படியே ஏற்பதற்கில்லை.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்கலாம். தமிழகக் கரையில் எண்ணூர் முதல் தூத்துக்குடி வரை அனல்மின் நிலையங்கள் கடல்நீரை உறிஞ்சிச் சூடேற்றித் திருப்பிவிடுகின்றன. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் 2010 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் வந்துள்ளன. 2005 ஜூலை 2 அன்று தொடங்கப்பட்டுப் பின்னர் நின்றுபோன சேதுசமுத்திரத் திட்டம், வடகடலையும் தென்கடலையும் பிரிக்கும் திட்டுகளையே வெட்ட முனைந்தது. இத்தகைய திட்டம் ஒவ்வொன்றிற்கும் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை உண்டு. அதில் மிதவையுயிர் அட்டவணை ஒன்றும், பன்மைக் குறியீடு என்னும் ஓர் எண்ணும் இடம்பெறும். அந்த எண் ஒன்றரையா இரண்டரையா என்பதைத் தேர்வு மதிப்பெண்போல வாசித்து, கடல் நலமாக உள்ளது என்று முடிக்கும் வழக்கம் ஆழ வேரூன்றிவிட்டது. விரைவு மதிப்பீட்டில் ஒரே பருவத்தின் தரவு, அதுவும் மழைக்காலம் நீங்கலான பருவத்தினது, போதுமென ஏற்கப்படுகிறது. வலைக்கண் அளவும் மாதிரி எடுத்த நேரமும் பிற்சேர்க்கையில் இருந்தால் நாம் நற்பேறுடையவர்கள்.

ஒரு திட்டத்தால் தீங்கு நேர்ந்ததா என அறிய ஆய்வாளர் கைக்கொள்ளும் நெறி வேறு. திட்டம் வருமுன் பல ஆண்டு, வந்தபின் பல ஆண்டு. பாதிப்புக்கு உள்ளாகும் இடத்தோடு, பாதிப்பு எட்டாத ஒத்த இயல்புடைய வேறு சில இடங்கள். அனைத்திலும் ஒரே வலை, ஒரே நேரம். இரண்டு இடங்களுக்கும் இடையிலான இடைவெளி திட்டத்திற்குப் பின் மாறியதா என்பதையே நோக்க வேண்டும். இதில் 'ஒத்த இயல்புடைய' என்னும் நிபந்தனையே கடினமானது. மண்டபத்தின் தென்கரையில் ஓர் ஆலை வருவதாகவும், அருகிலுள்ளது என்பதற்காக வடகரையை ஒப்பிடமாகத் தேர்ந்ததாகவும் கொள்வோம். ஆலைக்கு முந்தைய மாதிரிகள் பிப்ரவரியிலும் பிந்தையவை ஜூலையிலும் எடுக்கப்பட்டால், கச்சான் காற்று தென்கடலைக் கலக்கியதும் அதன் நீர் வடக்கே நகர்ந்ததும் ஆலையின் வினையாகப் பதிவாகும்; அல்லது ஆலையின் உண்மையான தீங்கு, காற்றின்மேல் ஏற்றப்பட்டு மறையும். தென்கரைக்கு ஒப்பிடம் வேண்டுமெனில் அதே தென்கடலில், ஆலையின் கழிவுநீர் எட்டாத தொலைவில், அதே ஆழத்தில், அதே பாறைத்தரையுள்ள கீழக்கரை அல்லது ஏர்வாடிப் பக்கமே தேட வேண்டும். ஒன்று போதாது, இரண்டு மூன்றேனும் வேண்டும். அவற்றிலும் ஒவ்வொரு மாதமும், வாடை மாதங்களையும் விடாமல், வலை இறங்க வேண்டும். நீர் இடம்மாறுவது அம்மாதங்களில்தான்.